திருடனின் திருநீறு

கோணிச் சாக்கை நாலு மடிப்பாக மடித்து, உள்ளே பழைய லாரி டியூபை வைத்து, மேலே கேன்வாஸ் போர்த்திச் சணலால் தைத்த ஒரு கை. தோளில் மாட்டினால் விரல் நுனியையும் தாண்டி ஒரு சாண் தொங்கும். அதை என் இடது தோளில் ஏற்றி, முதுகுப் பக்கம் பெல்ட்டை மாஸ்டர் இறுக்கும்போது மூச்சு கொஞ்சம் முட்டும். எத்தனையோ நாய்களின் எச்சில் அதில் காய்ந்திருந்தது. சாக்குக் கை என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கரணைப் பக்கம் கோரைப் புல்லின் மேல் பனி கலையாமல் நிற்கும்போது, அதை மாட்டிக்கொண்டு காலி மனைகளுக்கு நடுவே ஓடுவேன். பின்னால் ஒரு நாய் வரும். அதன் மூச்சுச் சத்தம் முதலில் கேட்கும், பிறகு கால் சத்தம். சதுப்பிலிருந்து நாரைகள் ஒன்றிரண்டு எழும்பும். மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் தலைக்கு மேலே தாழப் போகும். இப்போது நினைத்தால் அது நான் ஓடிய ஓட்டமாகவே தோன்றுவதில்லை. யாரோ கனவில் ஓடியதை நான் ஓரமாக நின்று பார்த்ததுபோல் இருக்கிறது.

திருடனாக ஓடுவதுதான் என் வேலை. பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் பதினோரு வருஷம் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். எட்டாவது வரை படித்தவனுக்கு வேறு என்ன கிடைக்கும் என்று கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரம் வரை சைக்கிளில் அலைந்துகொண்டிருந்த நாளில்தான் மாஸ்டரைப் பார்த்தேன். பட்டாளத்தில் நாய்ப் பிரிவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் தடித்த குரலில் பாடுவார். மற்ற நாளெல்லாம் மொபெட்டில் ஏறி வீடு வீடாகப் போய் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அந்தக் காலத்தில் மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கமெல்லாம் வயலை மனையாக்கி, ஐந்து மனைக்கு ஒரு வீடு என்று எழும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அல்சேஷன் குட்டி வாங்கி வந்து மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் திருடனாக நடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா ஓடுவியாப்பா?" என்றார். ஓடுவேன் மாஸ்டர் என்றேன். "அது முக்கியமில்ல. நல்லா தோப்பியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாய் பாய்ந்து சாக்குக் கையைக் கவ்வும். நான் திமிற வேண்டும், கத்த வேண்டும், கடைசியில் கையைக் கழற்றி அதன் வாயிலேயே விட்டுவிட்டுப் பயந்து ஓட வேண்டும். நாய் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு ராஜநடை நடந்து மாஸ்டரிடம் போகும். "நீ தினமும் தோக்கறதுனாலதான் அதுக்கு தைரியம் வருது. உன் சம்பளம் அதுக்குத்தான்" என்பார். நாயிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதும் அவர் கட்டளை. ஒரு நாய்க்கு நான் கெட்டவன் என்றால் கடைசி வரை கெட்டவன்தான்.

எனக்கு அது பழகவே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வேலியைத் தாண்டியதில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகத் தினமும் காலையில் ஒருவர் வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறேனே, நடிப்பென்றாலும் திருட்டு திருட்டுதானே என்று மனம் உறுத்தும். அதனால் விடியற்காலையில் குளித்து, தெருமுனையில் இருந்த முருகன் கோவிலில் நின்று, "அப்பனே, வேஷம்தான், மனசுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அர்ச்சகர் தரும் விபூதி போதாது. வீட்டில் ஜவ்வாது கலந்த திருநீறு ஒரு டப்பா வைத்திருந்தேன். நெற்றி, கழுத்து, மார்பு, இரண்டு கைகள் என்று குழைத்துப் பூசிக்கொள்வேன். மற்ற நாளைவிடத் திருடன் வேஷம் போடும் நாளில் கூடுதலாகவே பூசுவேன். வியர்வையில் கரைந்து வழியும். "சாமி, நீ திருட வர்றியா, உபன்யாசம் பண்ண வர்றியா?" என்று மாஸ்டர் சிரிப்பார். ஆனால் துடைத்துவிட்டு வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்தவர் சாமி விஷயத்தில் அவர் அவ்வளவு மரியாதைக்காரர். அந்த மரியாதையில்தான் வினை இருந்தது.

கோவிலம்பாக்கத்தில் ஒரு மனைக்காரர். தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்று, மீதியில் பெரிய வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டு நாய்க்கு ராணி என்று பெயர். பெண் அல்சேஷன். இரண்டு வயது. முதுகு கறுப்பு, கால்கள் வெல்ல நிறம். நான் பார்த்த நாய்களில் அவ்வளவு புத்தியும் அவ்வளவு கூர்மையான மூக்கும் வேறொன்றுக்கு இருந்ததில்லை. நாலு மாதம் அதற்குத் திருடனாக ஓடினேன். நான் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுவிட்டால்கூட இந்தப் பக்கம் உறுமும். மாஸ்டர் சொன்னால்தான் பாயும். "அவுட்" என்றால் அந்த நொடியே விடும். பயிற்சி முடிந்த அன்று மனைக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "மாஸ்டர், நம்ம பொண்ணு கலெக்டர் பரீச்ச பாஸ் பண்ணாகூட எனக்கு இவ்ளோ சந்தோசம் இருக்காது" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஆள் வந்தது. மனைக்காரரின் மாமனார் திருப்போரூர் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, உடம்பில் திருநீறும் கையில் பிரசாதமுமாக மகளைப் பார்க்க வந்திருக்கிறார். பலமுறை வந்து போன மனிதர், ராணிக்குப் பிஸ்கட் போட்டவர். கேட்டைத் திறந்து நாலடி வைப்பதற்குள் யாரும் சொல்லாமலே அது பாய்ந்து அவர் வலது கையைக் கவ்விக் கீழே தள்ளிவிட்டது. நாங்கள் போனபோது பெரியவர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ராணியைப் பின்பக்கம் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். மனைக்காரரின் மனைவி வாசலிலேயே நின்றார். "எங்கப்பாவ சாச்ச நாயி, இந்த வூட்ல ஒரு வேள சோறு துன்னக் கூடாது. டாக்டராண்ட சொல்லியாச்சி. ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்றார். மனைக்காரர் தலையைச் சொறிந்தார். "இன்னா மாஸ்டர் இப்டி பேஜார் பண்ணிட்ட. திருடன புடிக்க சொன்னா மாமனார புடிக்குது. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கீது இல்ல?" என்றார். கட்டுப் போட்ட கையோடு பெரியவர், "மாப்ளைக்கு இன்னும் சந்தேகம்தான்" என்று முனகினார். யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் ராணிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அரை நாள் அப்படியே இருந்தார். நான் அதன் கண்ணில் படக் கூடாது என்பதால் தெருவில் நின்றேன். சாயங்காலம் வீட்டம்மா விளக்கேற்றி, திருநீறு இட்டுக்கொண்டு, கற்பூரத் தட்டோடு பின்பக்கத் துளசி மாடத்துக்கு வந்திருக்கிறார். ராணியின் பிடரி மயிர் எழும்பியது. உறுமவில்லை. மயிர் மட்டும் எழும்பியது. மாஸ்டர் எழுந்து வெளியே வந்தார். என் கையைப் பிடித்து, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார். அப்படியே காம்பவுண்ட் சுவரோரம் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா நான் திருடனுக்கு விபூதி பூசி அனுப்பியிருக்கேன்யா" என்றார்.

பாவம் ஒட்டக் கூடாது என்று நான் பூசிய திருநீறு அந்த நாயின் மூக்கில் பாவத்தின் வாசனையாகப் போய்ப் படிந்திருக்கிறது. நான் மாஸ்டர் காலைப் பிடிக்கப் போனேன். "மூக்கால யோசிங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். நான் யோசிக்கல. தப்பு என் பேர்ல" என்று தடுத்துவிட்டார். உள்ளே போய் மனைக்காரரிடம் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டார். அந்த வாசனை மேல் அதற்கு அன்பு வரவைத்துவிடுகிறேன், வராவிட்டால் ஊசி போடும்போது நானே அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் பெரியவர்தான், "ஒரு மாசம்தானே கண்ணு. வாயில்லாத ஜீவன். குடு" என்றார். கடிபட்டவரே சொன்ன பிறகு யார் மறுப்பது?

ஆனால் அன்பு வரவைக்க யாராவது திருநீறு பூசிக்கொண்டு அதன் பக்கத்தில் போக வேண்டும். என்னால் முடியாது. நான்தான் அதற்குத் திருடன், என்ன பூசினாலும் என் உடம்பு வாசனை போகாது. மனைக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பூசிக்கினு அதுங்கிட்ட போவேனா? நமக்கு இருக்கறதே ரெண்டு கை மாஸ்டர்." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "டப்பா வச்சிருக்கியா? எனக்குப் பூசி விடு" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். கோவிலம்பாக்கம் முனையில் ஒரு டீக்கடை பெஞ்சு. மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். மூன்று விரலில் திருநீறு எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் சர்ச்சில் பாடுகிறவர். ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள். அவர் மனசு என்ன பாடுபடும், என் சாமிதான் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்றெல்லாம் யோசனை ஓடியது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஏதாவது சொல்லணுமாப்பா?" நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் மாஸ்டர், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பூசினேன். நெற்றி, கழுத்து, இரண்டு கைகள். அவர் தோல் சூடாக இருந்தது. டீக்கடைக்காரர் டம்ளரைப் பாதியில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது நாளும் அந்தப் பெஞ்சில்தான் நான் காத்திருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை, மாஸ்டர் வந்து சொல்லச் சொல்ல மனசுக்குள் பார்த்ததுதான். ஆனால் கண்ணால் பார்த்ததைவிட அதுதான் தெளிவாக நிற்கிறது. முதல் நாள் ராணி அவரைப் பார்த்து ஓடி வந்து, பாதியில் நின்று, இரண்டடி பின்வாங்கியதாம். மாஸ்டரின் முகம், திருடனின் வாசனை. அழுவதுபோல் ஒரு சத்தம் போட்டுச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டதாம். "இருவது அடி தள்ளித்தான் உக்காந்தேன். கூப்பிடல. பைபிள் படிச்சிட்டிருந்தேன்" என்றார். நான்காம் நாள் பதினைந்து அடி. ஒன்பதாம் நாள் வேகவைத்த ஈரலும் சோறும் பிசைந்த கையை நீட்டியபோது, கையை நக்காமல் சோற்றை மட்டும் எடுத்ததாம். அவர் பேசிக்கொண்டே இருப்பார். நெற்றியில் திருநீறு வெயிலில் காய்ந்து உதிரும். எனக்கு அவரைப் பார்க்கையில் அர்ச்சகரும் போதகரும் ஒரே உடம்பில் வந்து டீ குடிக்கிறார்கள் என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை துடைக்க மறந்து அப்படியே பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். குழுவில் ஒருவர், "என்ன பிரதர், கட்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டாராம். மாஸ்டர் சிரித்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று டீச்சரம்மா என்னிடம் பிறகு சொன்னார். அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். "நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க? ஒரு உயிருக்காகப் பூசிக்கறாரு. கர்த்தருக்கு அது தெரியாதா? எங்க சர்ச்சுக்காரங்களுக்குத் தெரிய கொஞ்சம் நாளாகும்" என்று காபி கொடுத்தார்.

அந்த முப்பது நாளும் நான் வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனேன். மற்ற வீட்டு நாய்களுக்கும் அந்த வாசனை படியக் கூடாதே. வேலை முடித்து வந்து குளித்த பிறகுதான் பூசிக்கொள்வேன். விடிகாலையில் வாசற்படி இறங்கும்போது மனைவி, "நெத்தி காலியா போறீங்களே, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்பாள். எனக்கும்தான் இருந்தது. கோவிலில் நின்று வெறும் கையைக் கூப்பி, "உன்னை நான் துடைக்கலப்பா, உன் பேர் கெடக் கூடாதுன்னுதான்" என்பேன். அதற்கு முன்னால் அவ்வளவு உண்மையாக நான் சாமியிடம் பேசியதாக நினைவில்லை.

தவணை முடிந்த அன்று கிருத்திகை. திருப்போரூரிலிருந்து பெரியவர் வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு. கட்டுப் பிரித்த கையில் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடி, "மாப்ள, நீங்க முன்னால போங்க. உங்க நாயி, உங்க வூடு" என்றார். மனைக்காரர், "நீங்க பெரியவங்க மாமா, நீங்கதான் முன்ன போவணும்" என்று விலகி நின்றார். வீட்டம்மா, "ஒருத்தரும் போவாணாம்" என்று அழ ஆரம்பித்தார். நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மணல் லாரிக்குப் பின்னால், காற்று என் பக்கம் அடிக்கும்படி நின்று பார்த்தேன். மாஸ்டர் சங்கிலியைக் கழற்றினார்.

ராணி மெதுவாக வந்தது. அவசரமே இல்லை. பெரியவரின் வேட்டி ஓரத்தை முகர்ந்தது, முழங்காலை முகர்ந்தது. அவர் வாய் ஏதோ மந்திரம் முணுமுணுத்தது. தொங்கிக்கொண்டிருந்த வலது கைக்கு வந்தது. தழும்பின் மேல் பூசியிருந்த திருநீற்றை ஒருமுறை நக்கியது. பிறகு கை முழுதும் நக்கியது. பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணைத் துடைக்கும்போது மனைக்காரர் குரல் கேட்டது. "அதெல்லாம் சரி மாஸ்டர். இப்ப சாதுவா பூட்ச்சே. நாளைக்கு திருடன் வந்தா அவன் கையும் நக்குமா? அப்ப எதுக்கு இந்த நாயி?" அவர் கேட்டதில் தப்பில்லை. மாஸ்டர் லாரிப் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார்.

சாக்குக் கையை மாட்டிக்கொண்டு பின்பக்கச் சுவருக்குப் போனேன். அந்த இருபதடி நடையை நான் மறக்க மாட்டேன். ராணி என்னைப் பார்த்து ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் அதற்குத் திருடன் என்றால் திருநீறு மட்டும்தானா, அல்லது நானும் சேர்த்தா? என் நெற்றி காலி. என்னை அது மறந்திருந்தால், வாலாட்டிவிட்டால், ஊசிதான். எத்தனையோ காலைகளில் ஒரு நாயாவது என்னைப் பார்த்து வாலாட்டாதா என்று ஏங்கியவன் நான். அன்று சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "முருகா, அதுக்கு என்னைப் பிடிக்கக் கூடாது. என்னை வெறுக்க வைப்பா" என்று கேட்டேன். இப்படியும் ஒரு வரம் யாராவது கேட்டிருப்பார்களா தெரியாது. ஏறிக் குதித்தேன்.

ராணி திரும்பியது. ஒரு நொடி சும்மா நின்றது. அந்த ஒரு நொடியில் என் இரண்டு பெண்களின் முகமும் வந்து போயிற்று. பிறகு மாஸ்டர் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு அது மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. சாக்குக் கையில் அதன் பல் இறங்கியபோது தோள் வரை அதிர்ந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் என்றும் கத்தியதில்லை. கையைக் கழற்றி விட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்து, காலி மனைகளுக்குள் ஓடினேன். யாரும் துரத்தவில்லை. ஆனாலும் ஓடினேன். நெருஞ்சி முள் காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. கோரைப் புல் தொடங்கும் இடத்தில் விழுந்து, மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூரத்தில் மனைக்காரர், "அடேங்கப்பா, அடேங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது.

அதற்குப் பிறகு மாஸ்டர் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வாசனை கொடுத்தார். ஒருநாள் பீடிப் புகை பிடித்த சட்டை, ஒருநாள் மண்ணெண்ணெய்த் துணி, ஒருநாள் தேங்காய் எண்ணெய். எதுவும் நாய் மூக்கில் படிந்துவிடாமல் இருக்க. இன்னும் நாலு வருஷம் அவரோடு ஓடினேன். மூட்டு வலி வந்த பிறகு ஒரு பூஜைச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் மாஸ்டர் நெஞ்சு வலியில் போய்விட்டார். சர்ச்சில் பாட்டுக் குழு பாட, கடைசி வரிசையில் நான் திருநீறோடு நின்றேன். டீச்சரம்மா என்னை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

அடுத்த சில மாதத்தில் மனைக்காரர் ஆள் அனுப்பினார். ராணிக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர் இருந்தால் அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். கடையிலிருந்து அப்படியே போனேன், நெற்றியும் கைகளும் பூசியபடி. என்னைத் திருநீறோடு அது முகர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. போர்ட்டிகோவில் சாக்கின் மேல் படுத்திருந்தது. முகவாய் முழுதும் வெளுத்திருந்தது. நான் பத்தடி தள்ளி, மாஸ்டர் உட்கார்ந்ததுபோல் தரையில் உட்கார்ந்தேன். காற்று அதன் பக்கம் போயிற்று.

தலை எழும்பியது. மூக்கு அசைந்தது. தொண்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய உறுமல் வந்தது, பலமில்லாமல், ஆனால் சந்தேகமில்லாமல். திருடன் வந்திருக்கிறான். அதே நேரம் சாக்கின் மேல் வால் ஒருமுறை தட்டியது. பிறகு இன்னொரு முறை. உறுமல் நிற்கவில்லை, வாலும் நிற்கவில்லை.

மனைக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னாபா இது, மேல ஒண்ணு சொல்லுது, கீய ஒண்ணு சொல்லுது?" என்றார்.

உறுமல் என்னுடையது, அது நான் உழைத்துச் சம்பாதித்தது. வால் மாஸ்டருடையது. இரண்டையும் கேட்டுக்கொண்டு, அது தூங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.